நாங்க சொல்ற வரைக்கும்

அந்தச் சாயங்காலம் மலை மேல் இருந்தவர்கள்: மேடம். மேடத்திடம் ஆராய்ச்சி படிக்க வந்திருந்த கொடுமுடிப் பெண். சமையல்காரர். நான். மலைக்குக் கீழே, மேற்குத் தோட்டத்தில் இருந்தது தோட்டத்தம்மா மட்டும். கட்டுத்தரையில் கன்று போட இருந்த ஒரு மாடு. வாசல் கம்பத்தில் ஒரு குண்டு பல்பு. மாட்டையும் பல்பையும் ஆள் வரிசையில் சேர்ப்பது சரியில்லைதான். ஆனாலும் அன்றைக்கு நடந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு. பல்பு எரியவில்லை. எரிய வேண்டாம் என்று சொன்னவன் நான். அப்புறம் பல வருடம் அந்த பல்பு என் வீட்டு அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். வானாராய்ச்சி நிலையத்தில் ஜீப் ஓட்டுகிறேன், காவலும் பார்க்கிறேன். நிலையம் என்றால் பெரியதாக நினைக்க வேண்டாம். ஒரு கல்லூரிக்காரர்கள் வைத்தது. திறந்து மூடுகிற ஒரு டோம், அதற்குள் ஒரு தொலைநோக்கி, தங்க இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. மதுக்கரையைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகிற வழியில் ஒரு மலை மேல் இருக்கிறது. வடக்கும் கிழக்கும் கோயமுத்தூர் வெளிச்சம். அந்தப் பக்கம் வானம் வெளுத்துத்தான் கிடக்கும். மேற்கே மட்டும் கணவாய். இரண்டு பக்கமும் மலை நிற்க, நடுவில் வெட்டவெளி. அந்த ஓரிடத்தில் மட்டும் வானம் தரை வரைக்கும் இறங்கும். அந்த இடத்தை நம்பித்தான் அங்கே நிலையம் வைத்தார்கள் என்று மேடம் சொல்வார்.

வானம் தெளிவாக இருந்தால் போதும் என்றுதான் வேலைக்குச் சேர்ந்தபோது நினைத்தேன். அது போதாது. நட்சத்திரம் நன்றாக மின்னினால் நமக்கு அழகு. மேடத்துக்கு அது கெட்ட வானம். மேலே காற்று ஆடுகிறது, படம் கலங்கிவிடும் என்பார். காற்றில் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் டோமைத் திறக்கக் கூடாது. கண்ணாடியில் பனி பிடிக்கும். ஆடியில் கணவாய்க் காற்று அடித்தால் டோமே கடகடவென்று ஆடும். மாசியில் தூசி. ஐப்பசியும் கார்த்திகையும் மழை. அந்த இரண்டு மாதமும் டோமைப் பூட்டி, கண்ணாடிக்குத் துணி போர்த்திவிட்டு நான் ஒருவனே காவல் இருப்பேன். இதெல்லாம் மேடம் சொல்லித் தெரிந்தது. நானாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

ஒரு வருடம் ஐப்பசியில் வால் நட்சத்திரம் வந்தது. அது நம்முடைய மாதத்தைப் பார்த்து வருவதில்லை. பொழுது விழுந்ததும் மேற்கே தாழத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கணவாய்க்குள் இறங்கிவிடும், அதுவும் சில நாளைக்குத்தான் என்றார்கள். மேடம் பூட்டிய டோமைத் திறக்கச் சொல்லி வந்துவிட்டார். முதல் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "மேற்கே இருக்கிற வீடுகள்ல யார்கிட்டயாவது சொல்ல முடிஞ்சா சொல்லுங்க, வாசல் லைட்டை மட்டும் கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லி. கட்டாயம் எல்லாம் இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எந்த வீடு என்று சொல்லவில்லை. எந்த வீடு என்பதை நான் மொபெட்டைக் கிளப்பும்போதே முடிவு செய்திருந்தேன்.

வழியில் இரண்டு மூன்று வீட்டில் சொன்னேன். வாழைத் தோட்டக்காரர் ஒருவர் பல்லில் குச்சியை வைத்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, அத்தாச்சோடு மேல இருக்கற நட்சத்திரத்துக்கு எங்கூட்டு லைட்டுக் கண்ணு கூசுதாக்கும்?"

"ஒரு ரண்டு மூணு நாளைக்குத்தானுங்க."

"அணச்சுப்போட்டாப் போச்சு. எங்கூட்டுக்காரி சீரியல் பாக்கறப்ப டிவியையும் சேத்து அணைக்கச் சொல்லி அந்தம்மாகிட்டச் சொல்லி ஒரு ஆர்டர் வாங்கியாங்க. நட்சத்திரத்தோட நானும் நிம்மதியா இருப்பன்."

அவர் அன்றைக்கு ஒரு பத்து நிமிடம் அணைத்திருப்பார். அதற்கு மேல் இராது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்டோம், சரி என்றார்கள், மரியாதை முடிந்தது. அப்படித்தான் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

தோட்டத்தம்மா வீடு கணவாய்க்கு நேர் எதிரில். தென்னந்தோப்பும் கிணறும் அவர்களுடையது. என் அம்மா அந்தத் தோட்டத்தில் களை வெட்டினாள், வெங்காயம் பிடுங்கினாள், கடைசி வரைக்கும் அந்த வேலைதான். வாசல் வரைக்கும் போவாள். வாசலைத் தாண்டிப் போனதில்லை. கூலி வாங்கும்போதும் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பாள். நான் சின்னதில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தோட்டத்தம்மா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கூலியில் பிடித்ததும் இல்லை. எங்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் அங்கேதான் நின்றோம்.

அன்றைக்கு நிலையத்துச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் போய் வெகுநாள். மகன் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்து அங்கேயே குடும்பத்தோடு இருந்தார். தோட்டத்தம்மா தனியாக மாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து வாசலில் போட்டார்.

"உக்காருங்க. மேல இருந்து வாரீங்களா? நம்ம தோட்டத்துல கள வெட்டிட்டு இருந்தவ மவனல்லங்க நீங்க?"

"ஆமாங்கம்மா."

"மூஞ்சி அப்படியே இருக்குது. ஆனா அவ இப்படி நிமுந்து பாக்க மாட்டா." சிரித்தார். "என்னங்க சோலி?"

உட்கார்ந்தேன். என் அம்மா நின்ற இடத்துக்கு நாற்காலியில் இருந்து கை நீட்டினால் எட்டும். விஷயத்தைச் சொன்னேன். வால் நட்சத்திரம் என்றதும் அவர் கணவாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மாடு இன்னிக்கோ நாளைக்கோங்கற மாதிரி நிக்குது" என்றார். அதற்குப் பிறகு, "செரி, நீங்க வந்து கேட்டுப்போட்டீங்க, இல்லீன்னா நல்லா இருக்குமா? எத்தன நேரத்துக்குங்க அணைக்கோணும்?" என்றார்.

மேடம் சொன்னது கொஞ்ச நேரம். நான் அதைச் சொல்லவில்லை. "நாங்க சொல்ற வரைக்குமுங்க" என்றேன்.

"போன்ல சொல்லுவீங்களா?"

"சொல்றனுங்கம்மா."

அவர் நம்பர் சுவரில் எழுதியிருந்தது. மகன் பெரிய எழுத்தில் எழுதிவைத்துப் போயிருந்தார். "எனக்கு நம்பரெல்லாம் மண்டைல நிக்காது, பாத்து எழுதிக்குங்க" என்றார். போனில் ஏற்றிக்கொண்டேன். மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். மலை ஏறும்போது மனசு லேசாக இருந்தது. அந்த வீடு இன்றைக்கு என் பேச்சுக்கு இருட்டாகும். அந்த நினைப்பைத்தான் இத்தனை வருடமாகத் தூக்கிக்கொண்டு இருக்கிறேன். பல்பைக் கேட்டது மேடத்துக்காக. அந்த வீட்டைக் கேட்டது எனக்காக.

பொழுது சாயும் முன்பே பாலக்காட்டுப் பக்கம் மேகம் கட்டியது. முதலில் மலை முகட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் கணவாய்க்குள் இறங்கி, பாய் விரித்தது போல இந்தப் பக்கம் வந்தது. கொடுமுடிப் பெண் ஈரம் காட்டும் மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. மேடம் டோமைத் திறக்கவே இல்லை. "கொஞ்சம் விலகினாக்கூடப் போதும்" என்று வெளியே வந்து வந்து பார்த்தார். பொழுது இறங்கிய இடம் கூடத் தெரியவில்லை. தூறல் விழுந்தது. எல்லாரும் சமையல்கட்டுக்கு வந்துவிட்டோம். சமையல்காரர் வெங்காய போண்டா போட்டார். மேடம் ஒன்றைப் பிட்டு வைத்துவிட்டு, "இன்னைக்கு அவ்வளவுதான், இனிமே விலகினாலும் அது இறங்கிடும்" என்றார். எல்லாருக்கும் வேலை முடிந்தது. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

தூறலில் கீழே பார்த்தேன். வாழைத் தோட்டக்காரர் வீட்டில் லைட் எரிந்தது. மற்ற வீடுகளிலும் எரிந்தது. மேகத்தைப் பார்த்து அவர்களாகவே போட்டுக்கொண்டார்கள். மேற்கே கணவாய்க்கு நேரில் ஒரு வீடு மட்டும் இருட்டு. போன் என் சட்டைப் பையில் இருந்தது. நான் அந்த இருட்டைப் பார்த்து நின்றேன். சந்தோஷப்பட்டேன் என்றுதான் எழுத வேண்டும். வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. கூப்பிட்டுப் 'போட்டுக்குங்க' என்று சொன்னால் அது முடிந்துவிடும். டீ ஆறும் வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டேன். அதற்குள் மேடம் கூப்பிட்டார், கண்ணாடிக்குத் துணி போர்த்த. போர்த்திவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் ஜீப்பை இறக்கும்போது பால்காரர் கை காட்டி நிறுத்தினார். "தோட்டத்தம்மா வுழுந்துபோட்டாங்க, தெரியாதுங்களா? இடுப்பு போயிருச்சுங்க. கோயமுத்தூர் கொண்டு போயிருக்குது." மாடு கத்தியிருக்கிறது. அந்த அம்மா சின்ன லைட் எரிகிற போனை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் வைக்கோலோடு கட்டுத்தரைக்குப் போயிருக்கிறார். தூறலில் வாசல் வழுக்கியிருக்கிறது. கம்பத்தடியில் விழுந்தார். போன் எங்கேயோ போய் விழுந்தது. பல்பின் சுவிட்சு உள் சுவரில். எழ முடியவில்லை. மாடு விடாமல் கத்தியதைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து பார்க்கும்போது வெகுநேரம் ஆகியிருந்தது. கன்று நன்றாக இருந்தது. கிடாரி.

மேடத்திடம் நான் சொல்லவில்லை. ஜீப்பில் அரிசியும் பாலும் ஏற்றிக்கொண்டு மேலே போனேன். அடுத்த நாளும் மேகம். அதற்கு அடுத்த சாயங்காலம் மழை பெய்து நின்றது. கணவாய் கழுவிவிட்டது போல் ஆனது. ஈரம் இறங்கியது, காற்று நின்றது. டோமைத் திறந்தோம். வால் நட்சத்திரம் வந்தது. வெறுங்கண்ணிலேயே தெரிந்தது. கொடுமுடிப் பெண் கையைத் தட்டியது. சமையல்காரர் கும்பிட்டார். மேடம் ஒரு நிமிடம் வெளியே வந்து நின்று, "மேற்கு எவ்வளவு நல்லா இருட்டா இருக்கு பாருங்க" என்றார். இருட்டாகத்தான் இருந்தது. அந்த வாசலில் பல்பைப் போட ஆள் இல்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள். நான் என்ன பார்த்தேன் என்று எழுதத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து அவரைக் கணபதிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று கேட்டுப் போய்ப் பார்த்தேன். கீழே பட்டறை, மேலே வீடு. கட்டிலுக்கு எதிரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். லேத் ஓடுகிற சத்தம் கட்டில் வரைக்கும் வந்தது. நேந்திரம்பழம் வாங்கிப் போயிருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இது: "பாத்தீங்களா அந்த வால் நட்சத்திரத்த?"

பொய் சொல்லலாம் என்று படியேறும்போது நினைத்திருந்தேன். வாய் வரவில்லை. "அன்னிக்கு மேகமுங்கம்மா. ஒண்ணுமே பாக்கல."

"மேகந்தான். நானுந்தான் பாத்தன். தூத்தலும் வுழுந்துது."

"அப்பறம் லைட்டுப் போட்டிருக்கலாமில்லீங்களா?"

"நீங்க சொல்லலீங்களே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். "எனக்கென்னங்க தெரியும்? இத்தன செலவு பண்ணி மல மேல மெசினு வெச்சிருக்கறாங்க. மேகத்துக்குள்ள பூந்து பாத்துப்போடும்னு நெனச்சன். நம்மளாட்ட அதும் மேகத்துக்குப் பயந்துட்டு மூடிட்டு உக்காந்திருக்கும்னு எவ கண்டா?" சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் இருந்தார். "மாட்டக் கேளுங்க. கன்னுக்குட்டிய நக்கிப்போட்டு, அவுத்துட்டு வந்து என்னையுமே நக்குதுங்க. ரண்டையும் அதுதான் பெத்த மாதிரி."

மகன் கீழிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான்தான் அணைக்கச் சொன்னேன், நான் கூப்பிடவில்லை என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "விடுங்க. வயசானா வுழுகறதுதானுங்க. உங்க மேல என்ன இருக்குது? டீ குடிங்க மொதல்ல" என்றார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் அதை வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். அந்த மரியாதைக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த அம்மா தோட்டத்துக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆடிக்குள் கண்ணை மூடிவிட்டார். மாட்டையும் கன்றையும் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தை விற்றார்கள். வீட்டை இடிக்கும் அன்றைக்கு மகன் எனக்குப் போன் செய்து, "ஓடு நல்லா இருக்குதுங்க, வேணுங்கறத எடுத்துக்குங்க" என்றார். என் வீட்டுக்குத் தகரக் கூரை. ஓடு உதவும்தான். நான் போய்க் கம்பத்தில் இருந்த பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தேன். "இதெதுக்குங்க?" என்றார் மகன். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவரும் விட்டுவிட்டார். பல்பு முழுக்கப் பூச்சி எச்சமும் புகையும். கண்ணாடி மேல் இருந்த எழுத்து தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அணைக்கச் சொன்ன வீட்டுக்கெல்லாம், மேகம் மூடினால் உடனே நானே போன் போடுவேன். "மூடிருச்சுங்க, லைட்டுப் போட்டுக்குங்க." வாழைத் தோட்டக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒன்றே சொல்வார். "நாங்க அப்பவே போட்டாச்சுங்க. நீங்க சொல்லித்தான் போடோணுமாக்கும்?" எல்லாரும் அப்படித்தான். நான் சொல்லும் வரைக்கும் காத்திருந்தவர் ஒருவர். அவர் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. விரல் அதைத் தாண்டித்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

மேடம் மாற்றலாகிப் போகும்போது ஜீப்பில் ரயிலுக்குக் கொண்டுவிட்டேன். அன்றைக்குத்தான் முழுதும் சொன்னேன். அப்புறம் நானே கேட்டேன். "அந்த ஒரு பல்பு எரிஞ்சிருந்தா, நமக்குத் தொந்தரவா இருந்திருக்குமுங்களா மேடம்?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "அந்த நேர்க்கோட்டுல, அவ்வளவு தாழ்வா... நூறு வாட், இருநூறு வாட்டுன்னா கொஞ்சம் இருந்திருக்கும். சின்ன பல்புன்னா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. மேகம் இல்லாட்டியும் தெரிஞ்சிருக்காது. எத்தனை வாட்டு அது?"

"தெரியலீங்க மேடம்."

"பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான் பார்க்கவில்லை. துடைத்தால் தெரிந்துவிடும். நூறாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். பெரிய வாசல், தோப்பு வரைக்கும் வெளிச்சம் வேண்டும், நூறு போட்டிருப்பார்கள். இருநூறாகக்கூட இருக்கலாம். அப்படி இருந்தால் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. தாளில் சுற்றிச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தது அதனால்தான்.

இப்போது மேற்கே பார்த்தால் தோட்டம் இல்லை. சைட் போட்டு விற்றுவிட்டார்கள். அந்த அம்மா விழுந்த இடம் எது என்று எனக்கே குத்துமதிப்பாகத்தான் தெரியும். அங்கே உயரக் கம்பம் நட்டு வெள்ளை வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். விடிய விடிய எரிகிறது. யாரையும் அணைக்கச் சொல்லி நாங்கள் போவதில்லை. மேற்கே பார்ப்பதையே விட்டாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தால் நிலாவைக் காட்டுகிறோம். நிலாவுக்கு எந்த வெளிச்சமும் இடைஞ்சல் இல்லை. புதிதாக வந்திருக்கும் சார் நல்லவர். மேகம் வந்தால் பிள்ளைகளுக்குச் சுவரில் படம் காட்டிவிடுகிறார்.

இந்த ஆயுத பூசைக்கு வீட்டுக்காரி அலமாரியைக் காலி செய்தாள். அரிவாள், மண்வெட்டி, ஜீப்பின் ஸ்பானர் எல்லாம் கழுவித் திண்டின் மேல் பரப்பியிருந்தாள். தாளைப் பிரித்து பல்பைக் கையில் எடுத்தாள். அவளுக்குக் கதை தெரியும். "இதைய இன்னும் எத்தன வருசத்துக்குங்க இப்படியே வெச்சிருப்பீங்க?" என்றாள். "நான் தொடைக்க மாட்டன். நீங்களே தொடச்சுக் குடுங்க. இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுப்போடலாம்."

ஈரத்துணி கொடுத்தாள். வாசலில் உட்கார்ந்து துடைத்தேன். கறுப்பு லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டித் துடைத்தேன். உள்ளே கம்பி அறாமல் இருந்தது. எழுத்து பாதி அழிந்திருந்தாலும் நம்பர் தெரிந்தது. வெயிலுக்கு நேராகத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தேன்.

நாற்பது வாட்.